அவலாஞ்சி – கோலாரிபெட்டா: வனத்துறை வழிகாட்டியோடு ஒரு மலையேற்றம்

இரண்டும் நீலகிரிச் சிகரங்கள்: தொட்டபெட்டா 2,637 மீட்டர், கோலாரிபெட்டா 2,630. உயரத்தில் ஏழு மீட்டர்தான் வித்தியாசம். ஆனால் அங்கே உச்சி வரை கார் போகும், இங்கே கடைசி அடி வரை கால்தான். வனத்துறையின் ‘ட்ரெக் தமிழ்நாடு’ மலையேற்றத் திட்டத்தில் இதைக் கடினமான தடம் என்று வைத்திருக்கிறார்கள். சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள். அவலாஞ்சி ஏரி மட்டத்திலிருந்து பார்த்தால் 600 மீட்டருக்கு மேல் ஏற்றம். உச்சியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். சமவெளியிலிருந்து இரவோடு இரவாக வந்து இறங்கி, காலையிலேயே ஏறத் தொடங்குகிறவர்களுக்குத் தலைவலி வருவது இதனால்தான். முதல்நாள் ஊட்டியில் தங்கிவிடுங்கள். அங்கிருந்து அவலாஞ்சி சுமார் 28 கி.மீ., எமரால்டு வழியாக வளைந்து வளைந்து போகும் சாலை.

கொடுக்கிற பணத்துக்கு முழு மதிப்பும் வழிகாட்டிகளிடம் இருக்கிறது. பழங்குடியினரும் உள்ளூர்க்காரர்களுமான இளைஞர்கள். புல்வெளியில் மாட்டுத்தடமும் மழைநீர் அறுத்த ஓடையும் பாதை மாதிரியே தெரியும். மேற்கிலிருந்து மூடுபனி ஏறிவிட்டால் முன்னால் போகிறவர் முதுகுகூடத் தெரியாது. சோலை ஓரத்தில் வழிகாட்டி கையைத் தூக்கினால் அப்படியே நில்லுங்கள், பேச்சை நிறுத்துங்கள். காட்டுமாடு நிழலில் அசையாமல் நிற்கும். நம் கண்ணுக்கு அது பாறை. இரண்டு மேடுகளுக்கு நடுவே புல் கரும்பச்சையாக இருந்தால் அடியில் சேறு. புல் குத்துகளின் தலையில் மிதித்துப் போக வேண்டும், இடையில் கால் வைத்தால் கணுக்கால் வரை உள்ளே போகும்.

பலரும் ஏற்றத்தை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். வினை இறக்கத்தில். ஷூ லேஸ் தளர்வாக இருந்தால் பாதம் முன்னால் சறுக்கி விரல்நகம் ஷூவின் நுனியில் இடித்துக்கொண்டே வரும். மறுநாள் நகம் கறுத்துவிடும். இறங்குவதற்கு முன் கணுக்காலருகே லேஸை இறுக்கிக் கட்டி, அடியைச் சின்னதாக வையுங்கள். முட்டி வலி உள்ளவர்களுக்குக் கைத்தடி அவசியம். ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம்: நனைந்தால் காயாது, காற்றடித்ததும் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். தண்ணீர் ஆளுக்கு இரண்டரை லிட்டர். அட்டை கடித்தால் பிடித்து இழுக்காமல், நகத்தை ஓரமாகக் கொடுத்துத் தள்ளுங்கள். இரத்தம் கொஞ்ச நேரம் நிற்காது. உறையவிடாத பொருள் அதன் எச்சிலில் இருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை.

டிசம்பர், ஜனவரியில் வானம் தெளிவாக இருக்கும். உறைபனி படிந்த புல் மட்டும் காலையில் வழுக்கும். தென்மேற்குப் பருவமழையில் இந்தப் பக்கமே வேண்டாம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 900 மி.மீ.க்கு மேல் கொட்டியது.

பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை காட்டுத்தீக் காலம், தடத்தை மூடிவிடுவார்கள். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போன 23 பேரைத் தீ கொண்டுபோனது. காய்ந்த புல்லில் தீ மேட்டை நோக்கி ஓடும் வேகத்துக்கு எந்தக் காலும் ஈடுகொடுக்காது. அந்த மாதங்களில் யாராவது தனியாக அழைத்துப் போகிறேன் என்று சொன்னால், எவ்வளவு குறைந்த விலை சொன்னாலும் போகாதீர்கள்.