சூரியன், சந்திரன், கிரகணம் காட்டும் செயலிகள்: ஏழாண்டுகளுக்கு மேலான பயன்பாட்டு அனுபவம்

2018 ஜூலை 27 அன்று நிகழ்ந்த முழுச் சந்திர கிரகணத்துக்காகத்தான் இத்தகைய செயலி ஒன்றை முதன்முதலாக என் கைபேசியில் நிறுவினேன். நிலவு பூமியின் கருநிழலுக்குள், அதாவது நிழலின் இருண்ட நடுப்பகுதிக்குள், 103 நிமிடம் முழுமையாக மூழ்கியிருந்த அந்தக் கிரகணம் இந்நூற்றாண்டின் மிக நீண்ட முழுச் சந்திர கிரகணமாகும். அன்றிரவு முடிந்ததும் நீக்கிவிட எண்ணியிருந்த செயலி, நிலவுதயத்தைப் படமெடுக்கும் ஆர்வம் தொற்றிக்கொண்டதால் நிலைத்துவிட்டது. அதன்பின் இலவசமானவையும் கட்டணம் உள்ளவையுமாகப் பத்துக்கும் மேற்பட்ட செயலிகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்தியிருக்கிறேன். இவற்றின் கணக்கில் பிழை காண்பது அரிது என்பதும், அந்தக் கணக்கு எந்தத் தொடுவானத்துக்கு, எந்த இடத்துக்கு, எந்தக் கடிகாரத்துக்கு உரியது என்பதைச் சொல்லாமல் விடுவதாலேயே பெரும்பாலான ஏமாற்றங்கள் நேர்கின்றன என்பதும் இத்தனை ஆண்டுகளில் எனக்கு உறுதியாகிவிட்டது.

சூரிய உதய நேரத்தையே எடுத்துக்கொள்வோம். செயலி காட்டும் உதயம் என்பது, தடையற்ற சமதளத் தொடுவானத்தில் சூரியனின் மேல் விளிம்பு எட்டிப் பார்க்கும் கணம். வளிமண்டலம் ஒளியை வளைப்பதற்கு 34 கலையும் சூரியனின் அரைவிட்டத்துக்கு 16 கலையும் சேர்த்து, சூரியனின் மையம் தொடுவானத்துக்கு 50 கலை கீழே இருக்கும்போதே உதயம் எனக் கணக்கிடப்படுகிறது. பாகையின் அறுபதில் ஒரு பங்கே கலை. நடைமுறையில் கிழக்கே ஐந்து பாகை உயரத்துக்கு ஒரு குன்று மறைத்து நின்றால் சூரியன் கண்ணுக்குத் தெரியக் குறைந்தது இருபது நிமிடம் கூடுதலாகும். மாறாக, கடலை நோக்கிய நூறு மீட்டர் உயரக் குன்றின்மேல் நின்றால், தொடுவானம் சற்றுத் தாழ்ந்துவிடுவதால் ஒரு நிமிடத்துக்கும் மேல் முன்னதாகவே சூரியன் தெரிந்துவிடும். நான் பயன்படுத்திய செயலிகளுள் மிகச் சிலவே நிலத்தின் ஏற்ற இறக்கத்தைக் கணக்கில் கொள்கின்றன. மற்றவை நொடி வரை துல்லியமாக ஒரு நேரத்தைக் காட்டிவிட்டு, அது சமதளத்துக்கான நேரம் என்ற குறிப்பைக்கூடத் தருவதில்லை.

திசையைப் பொறுத்தவரை நான் பட்ட அடி இதைவிடப் பெரியது. கைபேசியின் கேமரா காட்சிமீது சூரியனும் நிலவும் செல்லும் பாதையை வரைந்து காட்டும் வசதியே இச்செயலிகளை நோக்கிப் பலரையும் ஈர்க்கிறது. என்னையும் அதுவே ஈர்த்தது. தொலைவில் இருந்த ஒரு கோபுரத்தின் உச்சிக்கு நேர் பின்னே முழுநிலவு எழுவதைப் படமெடுக்க அந்தக் காட்சியை நம்பி இடம் தேர்ந்து முக்காலியை நிறுத்திக் காத்திருந்தேன். நிலவு ஏறத்தாழ பத்துப் பாகை வலப்புறம் தள்ளி எழுந்தது. நிலவின் அகலம் வெறும் அரைப் பாகைதான் என்பதால், இருபது நிலவுகளை வரிசையாக வைக்கும் அளவுக்கு நான் விலகி நின்றிருந்தேன். செயலி திசையறிய நம்பியிருக்கும் கைபேசியின் காந்தத் திசையுணரியை, உறையின் மூடியில் இருந்த சிறு காந்தம் குழப்பியதுதான் காரணம். காருக்குள்ளோ இரும்புக் கைப்பிடிச் சுவரருகிலோ நின்றாலும் இதேதான் நேரும். கைபேசியை எட்டு வடிவில் சுழற்றினால் திசையுணரி ஓரளவு சீராகும். ஆனால் அருகில் காந்தமோ இரும்போ இருக்கும்வரை அந்தச் சீரமைப்பு நிற்காது.

அதன்பின் கேமரா காட்சியைத் தோராயமாகத் தெரிந்துகொள்ள மட்டுமே பயன்படுத்துகிறேன், முடிவெடுப்பது வரைபடத்தில்தான். வரைபடத்தில் நான் நிற்கும் இடத்திலிருந்து உதயத் திசையை நோக்கி வரையப்படும் கோடு காந்தத்தைச் சார்ந்ததன்று, வெறும் வடிவியல் என்பதால், அது எந்தக் கட்டடத்தின்மீது செல்கிறதோ அந்தக் கட்டடத்துக்கு மேலேதான் நிலவு வரும். போட்டோபில்ஸ், சன் சர்வேயர், த போட்டோகிராஃபர்ஸ் எபிமெரிஸ் ஆகிய மூன்றும் இந்த வேலையை நன்றாகச் செய்கின்றன. போட்டோபில்ஸில், நமக்கு வேண்டிய திசையையும் உயரத்தையும் கொடுத்தால், சூரியனோ நிலவோ அந்தப் புள்ளிக்கு வரும் நாட்களைத் தேடித் தரும் வசதி உண்டு. தவறவிட்ட அந்தக் கோபுரப் படத்துக்குரிய அடுத்த நாளை அவ்வாறுதான் கண்டுபிடித்தேன். மேகமற்ற வானம் வாய்க்கப் பதினான்கு மாதம் காத்திருக்க வேண்டியிருந்தது என்றாலும், படம் கிடைத்தது. கேமரா காட்சியே வேண்டுமென்பவர்கள் பகலில் ஒருமுறை கம்பம் ஒன்றின் நிழலைக் கொண்டு சரிபார்த்துக்கொள்ளலாம்: நிழலுக்கு நேர் எதிர்த் திசையில் செயலியின் சூரியன் நிற்காவிட்டால் திசையுணரி தவறுகிறது என்று பொருள்.

நிலவைப் பற்றிய விவரங்களில் செயலிகளுக்கிடையே உண்மையான தர வேறுபாடு தெரிகிறது. தொடக்கத்தில் நான் வைத்திருந்த ஓர் இலவசச் செயலி, நிலவுதயத்தை எப்போதும் நான்கைந்து நிமிடம் முன்னதாகவே காட்டிக்கொண்டிருந்தது. நிலவு நமக்கு மிக அருகில் இருப்பதால், பூமியின் மையத்திலிருந்து பார்க்கும்போது இருக்கும் இடத்துக்கும் தரையிலிருந்து பார்க்கும்போது இருக்கும் இடத்துக்கும் ஏறத்தாழ ஒரு பாகை வரை வேறுபாடு வரும். அச்செயலி பூமியின் மையத்துக்கான கணக்கையே தந்துகொண்டிருந்தது என்பது பிற செயலிகளோடு ஒப்பிட்டபோதுதான் விளங்கியது. இன்னொன்றில் மாதத்துக்கு ஒருமுறை நிலவுதயம் என்ற இடத்தில் வெறும் கோடு மட்டும் இருக்கும். பிழையென்று எண்ணி அதை நீக்கியும் விட்டேன். உண்மையில் அச்செயலி செய்தது முற்றிலும் சரி. நிலவு நாளொன்றுக்குச் சராசரியாக 50 நிமிடம் தாமதித்து எழுவதால், ஒரு நாள் நள்ளிரவுக்குச் சற்று முன் எழுந்த நிலவு அடுத்து எழும்போது மறுநாளின் நள்ளிரவையும் கடந்து அதற்கடுத்த தேதிக்குள் போய்விடுகிறது; இடைப்பட்ட தேதியில் உதயமே இராது. ஒரு வரி விளக்கம் அங்கே இருந்திருந்தால் நல்ல செயலி ஒன்றை நான் இழந்திருக்க மாட்டேன். மற்றபடி வளர்பிறை, தேய்பிறைச் சதவீதம் எல்லாச் செயலிகளிலும் ஒன்றுபோலவே இருக்கிறது. அதற்காக எவரும் பணம் செலவிட வேண்டியதில்லை.

கிரகண அறிவிப்புகள் என் பொறுமையை மிகவும் சோதித்தவை. 2020ஆம் ஆண்டில் ஜனவரி 10, ஜூன் 5, ஜூலை 5, நவம்பர் 30 என நான்கு புறநிழல் சந்திர கிரகணங்கள் நிகழ்ந்தன. நிலவு பூமியின் வெளிநிழலை மட்டுமே கடந்து செல்லும் இத்தகைய கிரகணத்தில் பழகிய கண்ணுக்கும் இலேசான மங்கலுக்கு மேல் எதுவும் தெரியாது. அதிலும் ஜூலை 5 அன்று நிலவின் மூன்றிலொரு பங்கு அளவே வெளிநிழலுக்குள் சென்றது. ஆனால் ஒரு செயலி இந்நான்குக்கும் முழுக் கிரகணத்துக்குரிய அதே ஆரவாரத்தோடு அறிவிப்பு அனுப்பியது. என் இடத்தில் நிலவு தொடுவானத்துக்குக் கீழே இருந்த வேளைக்கும் அனுப்பியது. இப்படி நான்கு முறை அழைக்கப்பட்டவர் ஐந்தாம் முறை உண்மையான முழுக் கிரகணத்தை அலட்சியப்படுத்திவிடக்கூடும் என்பதே என் கவலை. எனவே, இப்போது எந்தச் செயலியை நிறுவினாலும் கிரகண வகையையும் நம் இடத்தில் அது தெரியுமா என்பதையும் கொண்டு அறிவிப்புகளை வடிகட்ட முடியுமா என்றே முதலில் பார்க்கிறேன். கூடவே, கைபேசியின் பேட்டரி சேமிப்பு ஏற்பாடு பின்னணியில் இயங்கும் செயலிகளை உறங்க வைத்துவிடுவதால், எழுப்பும் பொறுப்பைக் கைபேசியின் சொந்த அலாரத்திடமே ஒப்படைத்துவிடுகிறேன். செயலியின் நினைவூட்டலை நம்பித் தூங்கிய ஓர் இரவில் பகுதிச் சந்திர கிரகணம் ஒன்றை முழுவதுமாக இழந்திருக்கிறேன்.

2025 செப்டம்பர் 7 கிரகணத்தின்போது நான்கு செயலிகளை அருகருகே வைத்துப் பார்த்தேன். உலக நேரப்படி 16:27க்குக் கருநிழல் நிலவைத் தொடும், 17:30 முதல் 18:53 வரை முழுமறைப்பு என்பதில் அவை ஒரு நிமிடத்துக்குள் ஒத்திருந்தன. அந்தச் சிறு வேறுபாட்டுக்கும் காரணம் உண்டு. பூமியின் வளிமண்டலம் நிழலைச் சற்றுப் பெரிதாக்குகிறது. எவ்வளவு பெரிதாக்குகிறது என்பதற்கு ஒவ்வொருவரும் ஒவ்வொரு கணக்கு முறையைக் கைக்கொள்கிறார்கள். நிழலின் விளிம்பு மங்கலானது என்பதால், எவ்வளவு கூர்ந்து பார்த்தாலும் முதல் தொடுகையைக் கண்ணால் உடனே உணர முடிவதில்லை. 16:27க்குப் பின் சில நிமிடம் கழிந்த பிறகே ஓரம் கருத்திருப்பது எனக்கு உறுதிப்பட்டது. ஆனால் அன்று ஒரு செயலியில் மட்டும் உள்ளூர் நேரமாகக் காட்டப்பட்டவை எல்லாம் பல மணி நேரம் தள்ளியிருந்தன. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக முன்பு தேர்ந்த வேறொரு நாட்டு நகரம் அதில் அப்படியே நின்றுவிட்டிருந்தது. இடத்தின் பெயரும் நேர வலயமும் நேரத்துக்கு அருகிலேயே பெரிய எழுத்தில் இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

சூரிய கிரகணத்தில் படிப்பவர் மிக எளிதில் தவறுவது மறைப்பின் அளவைக் குறித்த எண்ணில்தான். கிரகண அளவு என்பது சூரியனின் விட்டத்தில் மறைந்த பங்கு. மறைப்புப் பரப்பு என்பது வட்டின் பரப்பில் மறைந்த பங்கு. சூரியன், நிலவு ஆகிய இரு வட்டுகளும் ஒத்த அளவில் இருக்கும்போது விட்டத்தில் பாதி மறைந்தால், பரப்பில் 39 சதவீதமே மறைகிறது. சில செயலிகள் இவற்றுள் எது என்று சொல்லாமலே ஒரு சதவீதத்தைக் காட்டுகின்றன. அதைவிட வருந்தத்தக்கது, 99 சதவீதம் என்ற எண்ணைக் கண்டு பயணத்தைக் கைவிடுவது. சூரியன் முழுநிலவைவிடச் சுமார் நான்கு லட்சம் மடங்கு ஒளி மிக்கது என்பதால், எஞ்சிய அந்த ஒரு சதவீதமும் ஆயிரக்கணக்கான முழுநிலவுகளுக்கு ஈடாகும். அந்த ஒளியில் வானம் இருளாது, சூரியனின் ஒளிவட்டமான கரோனாவும் தெரியாது.

2027 ஆகஸ்ட் 2 அன்று ஸ்பெயினின் தென்பகுதி, வட ஆப்பிரிக்கா, அரேபியத் தீபகற்பம் வழியே செல்லும் முழுச் சூரிய கிரகணத்துக்காக இப்போதே செயலியின் வரைபடத்தில் இடம் குறிக்கும் ஊசியை நகர்த்தி நகர்த்திப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எகிப்தின் லக்சர் அருகே முழுமறைப்பு 6 நிமிடம் 23 நொடி வரை நீடிக்கும். நிலவின் நிழல் செல்லும் பாதையின் மையக்கோட்டிலேயே நின்றாக வேண்டும் என்று முன்பு எண்ணியிருந்தேன். ஊசியை நகர்த்தியபோதுதான், மையத்திலிருந்து விளிம்புவரையுள்ள தொலைவில் பாதி விலகினாலும் ஏறத்தாழ 87 சதவீத நேரம் எஞ்சுகிறது என்பதும், விளிம்பை நெருங்கும்போதே நேரம் சட்டென்று சரிகிறது என்பதும் புலப்பட்டன. மேகம் குறைந்த இடத்துக்காகச் சில நொடிகளைத் தாராளமாக விட்டுக்கொடுக்கலாம். எந்தப் புத்தகமும் எனக்கு இவ்வளவு தெளிவாக இதைக் காட்டியதில்லை. நிலவின் விளிம்பு சூரியனின் விளிம்பைத் தொடும் தொடுகை நேரங்களைக் குரலில் அறிவிக்கும் சோலார் எக்லிப்ஸ் டைமர் போன்ற செயலிகள், கண்ணைத் திரையிலிருந்து விடுவிக்கின்றன என்ற ஒரே காரணத்துக்காகவே நிறுவத்தக்கவை. நிலவின் விளிம்பிலுள்ள மலைகளும் பள்ளங்களும் தொடுகை நேரத்தை ஓரிரு நொடிகள் முன்பின்னாக்கும் என்பதால், கிரகணக் கண்ணாடியைக் கழற்றும் கணத்தைக் குரலை மட்டும் நம்பி முடிவு செய்யக் கூடாது. கைபேசியின் கேமராவுக்கும் தகுந்த சூரிய வடிகட்டி தேவை. பெருங்கூட்டம் கூடும் கிரகண நாளில் இணைய இணைப்பு திணறிவிடும். வரைபடத்தை முன்கூட்டியே பதிவிறக்கி வைக்க இயலாத செயலியை அன்று கொண்டுசெல்வதில் பயனில்லை.

இன்று என் கைபேசியில் இருப்பவை மூன்றே: இடம் தேர்வதற்கு போட்டோபில்ஸ், வானத்தை வேகமாக ஓட்டிப் பார்த்துப் புரிந்துகொள்ள ஸ்டெல்லேரியம், நாள்தோறும் உதய, மறைவு நேரங்களைக் காட்டும் ஒரு சிறு இலவசச் செயலி. இருப்பிடத்தை எந்நேரமும் அறிய அனுமதி கேட்டவற்றையெல்லாம் நீக்கிவிட்டேன். ஊரின் பெயரை ஒருமுறை கொடுத்தாலே உதய நேரத்தைக் கணக்கிட்டுவிடலாம் என்னும்போது அந்த அனுமதிக்கு நியாயமே இல்லை. இந்த மூன்றிலும் உதய நேரத்துக்குக் கீழே, சமதளத் தொடுவானத்துக்குரியது என்று சிறிய எழுத்திலேனும் ஒரு வரி சேர்க்கப்பட வேண்டும் என்பதே உருவாக்குநர்களிடம் நான் வைக்கும் கோரிக்கை.