போர்ட்டலில் இருந்தது என் மெயில் ஐடி இல்லை

ரீஃபண்ட் ஏன் இன்னும் வரவில்லை என்று பார்க்கத்தான் வருமான வரி போர்ட்டலுக்குள் முதன்முறையாக நானே நுழைந்தேன். பாஸ்வேர்டு தெரியாது. மறந்துவிட்டது என்று கொடுத்து, ஆதார் ஓடிபி போட்டு உள்ளே போனால் நிலுவை என்று ஒரு தொகை நின்றது: ரூ. 3,39,460. மதிப்பீட்டு ஆண்டு 2020-21, அதாவது 2019-20-இல் சம்பாதித்ததற்கான கணக்கு. வேறு யாருடைய கணக்கோ என் பானில் ஏறிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன்.

துறை அனுப்பிய நோட்டீஸெல்லாம் இருக்கும் இ-ப்ரொசீடிங்ஸ் பக்கத்தைத் திறந்ததும் வயிறு கலங்கியது. 2024 மார்ச் முதல் வாரத்தில் 148ஏ நோட்டீஸ், அதாவது பழைய கணக்கை ஏன் மறுபடி திறக்கக் கூடாது என்று கேட்பது. அதே மாதக் கடைசியில் 148, திறந்தாயிற்று என்று. பிறகு விவரம் கேட்டு 142(1) இரண்டு தடவை. 2025 மார்ச்சில் 144-இன் கீழ் ஆர்டர், அதாவது நான் வாயே திறக்காததால் அதிகாரி தன் கையிலிருந்த தகவலை வைத்துப் போட்ட முடிவு. ஒன்றுக்கும் பதில் போகவில்லை. எல்லா நோட்டீஸும் போய்ச் சேர்ந்த மெயில் ஐடி, எனக்கு ரிட்டர்ன் போட்டுக்கொண்டிருந்தவருடையது. மொபைல் நம்பரும் அவருடையதே.

நாங்கள் எல்லோரும் அவரை ஆடிட்டர் என்றுதான் கூப்பிடுவோம். சார்ட்டர்டு அக்கவுண்டண்ட் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. கட்டணம் ரீஃபண்டில் பத்து சதவீதம். இப்போது யோசித்தால், அந்த ஒரு விஷயத்திலேயே நான் விழித்திருக்க வேண்டும். ரீஃபண்ட் பெருத்தால் அவருக்கு லாபம், பின்னால் வரும் வினை என் பானுக்கு.

அவர் செய்தது இதுதான். வீட்டை அடமானம் வைத்து ஒரு நிதி நிறுவனத்தில் நாற்பது லட்சம் வாங்கியிருந்தேன். அந்த வருஷ வட்டி 4,80,000. முழுவதையும் வியாபாரச் செலவாகக் காட்டினார். அதோடு விடவில்லை. அதே வட்டியில் இரண்டு லட்சத்தை, நான் குடியிருக்கும் வீட்டுக் கடன் வட்டி என்று 24(பி)யிலும் இன்னொரு முறை கழித்திருக்கிறார். அந்தக் கடன் வீடு வாங்கவோ கட்டவோ எடுத்ததே இல்லை. கூடுதலாக வந்த ரீஃபண்ட் 62,400. நான் சந்தோஷமாக அவருக்கு 6,240 எண்ணிக் கொடுத்தேன். "ஒரு ஓடிபி வரும், சொல்லுங்க சார்" என்றார், சொன்னேன். அந்த ஆறு இலக்கம்தான் என் கையெழுத்து என்று அப்போது உறைக்கவில்லை.

ஆர்டரில் இரண்டு லட்சத்தோடு 4,80,000-ஐயும் சேர்த்து மொத்தமாக நிராகரித்திருந்தார்கள். கூடின வருமானம் 6,80,000. முப்பது சதவீதமும் செஸ்ஸும் சேர்த்து வரி 2,12,160. அதன்மேல் முன்கூட்டிக் கட்டாத வரிக்கான 234பி வட்டி மாதம் ஒரு சதவீதம், 2020 ஏப்ரலிலிருந்து அறுபது மாதம். அபராதத்துக்குத் தனி நோட்டீஸ். 270ஏ பிரிவில் குறைத்துக் காட்டினால் வரியில் 50 சதவீதம், தவறாகக் காட்டினால் 200. இரட்டைக் கழிவை அவர்கள் எந்தப் பக்கம் வைப்பார்கள் என்பதை நினைத்தால் இப்போதும் தூக்கம் வருவதில்லை.

போன் போட்டேன். "அதெல்லாம் ரொட்டீன் நோட்டீஸ் சார், பதில் போட்டாத்தான் தோண்டுவாங்க" என்றார். இரண்டாம் முறை எடுக்கவில்லை.

புதிதாகப் பார்த்த ஆடிட்டர் அம்மா ஆர்டரைப் படித்துவிட்டு, பணம் போன வழியைக் கேட்டார். வங்கி ஸ்டேட்மெண்டை விரித்து வைத்துக்கொண்டு பென்சிலால் குறித்தார். முப்பது லட்சம் சரக்குக்கும் மிஷினுக்கும் போயிருந்தது. பத்து லட்சம், கடன் வந்த மூன்றாம் நாளே என் மச்சானுக்கு, வட்டியில்லாமல். பென்சில் அங்கேயே நின்றது.

1961 வருமான வரிச் சட்டத்தின் 36(1)(iii) பிரிவின்படி வியாபாரத்துக்காக வாங்கிய கடனின் வட்டிதான் கழிவு. அடுத்தவருக்குக் கைமாற்றாகக் கொடுத்திருந்தாலும் அதில் வியாபார அவசியம் இருந்தால் ஏற்கலாம் என்று 2006-இல் எஸ்.ஏ. பில்டர்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மச்சான் வீடு கட்டியதில் என்ன வியாபார அவசியம்? சொந்த முதல் போதுமான அளவு இருந்தால் வட்டியில்லாமல் கொடுத்தது அதிலிருந்துதான் என்று கொள்ளலாம் என 2019 ரிலையன்ஸ் இண்டஸ்ட்ரீஸ் தீர்ப்பு இருக்கிறது. ஆனால் என் பணம் கடன் வந்த கணக்கிலிருந்து நேராகப் போயிருக்கிறதே. ஆக அந்தப் பத்து லட்சத்தின் வட்டி 1,20,000-ம், இரட்டையாகக் கழித்த இரண்டு லட்சமும் என் தப்பு, கட்ட வேண்டியதுதான். மீதி 3,60,000 நியாயமான கழிவு. 148ஏ நோட்டீஸுக்குப் பதில் போட ஏழு நாளாவது கிடைத்திருக்கும். ஸ்டேட்மெண்டை இணைத்திருந்தால் அந்தப் பகுதி ஆர்டர் வரை போயிருக்காது என்றார் அவர். எனக்கு எரிவது அங்கேதான்.

இன்னொன்றும் சொன்னார். முந்தைய வருஷ விற்பனை ஒரு கோடியைத் தாண்டியவர்கள், வங்கியல்லாத நிதி நிறுவனத்துக்குக் கட்டும் வட்டியில் அதே சட்டத்தின் 194ஏ-படி டிடிஎஸ், அதாவது கொடுக்கும்போதே அரசுக்காகப் பிடிக்கும் வரி, பிடிக்க வேண்டும். விட்டால் அந்த வட்டியில் முப்பது சதவீதம் கழிவு கிடைக்காது. அந்த நிறுவனம் வரி கட்டிவிட்டது என்று படிவம் 26ஏ வாங்கிக் கொடுத்தால் தப்பிக்கலாம். நான் ஒரு கோடிக்குள் இருந்ததால் பிழைத்தேன்.

உங்கள் ரிட்டர்னை யார் போட்டாலும் சரி, இன்றைக்கே போர்ட்டலில் 'மை ப்ரொஃபைல்' திறந்து மெயிலும் நம்பரும் யாருடையது என்று பாருங்கள். இரண்டையும் உங்களுடையதாக மாற்றுங்கள். பிறகு போட்ட ரிட்டர்னை இறக்கி, வட்டி என்று எங்கெல்லாம் வருகிறது என்று தேடுங்கள். ஒரே தொகை இரண்டு இடத்தில் இருந்தால் அன்றைக்கே கேளுங்கள்.

அப்பீலுக்கு முப்பது நாள்தான். அது எப்போதோ போய்விட்டதால், தாமதத்தை மன்னிக்கச் சொல்லும் மனுவோடு படிவம் 35 போட்டிருக்கிறோம். வசூலை நிறுத்திவைக்க டிமாண்டில் இருபது சதவீதம், 67,892 ரூபாய் கட்டியாயிற்று. மச்சானிடம் விஷயத்தைச் சொன்னேன். "மாமா, வட்டியில்லாக் கடன்னுதானே சொன்னீங்க?" என்றான்.