டர்பன் தாவரவியல் பூங்கா: ஒரு மரத்துக்காகவே போகலாம்

தென் ஆப்பிரிக்காவின் டர்பன் நகரில் 1849இல் தொடங்கிய இந்தப் பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. உள்ளே போனதும் முதலில் வுட்ஸ் சைக்காடைப் பாருங்கள்; பனை போலத் தோன்றும் பழங்கால மர வகை இது. 1895இல் தாவரவியலாளர் ஜான் மெட்லி வுட் ஙோயே காட்டில் கண்டெடுத்த ஒரே ஆண் மரக்கூட்டத்திலிருந்து வந்தது. பெண் மரம் இன்றுவரை அகப்படவில்லை; அதனால் விதைக்கு வழியில்லை, அடிக்கன்றைப் பிரித்து நட்டுத்தான் பெருக்குகிறார்கள். பளபளவென்று வளைந்து தொங்கும் இலைகளின் நடுவே ஆரஞ்சு நிறக் கூம்புகள் தெரிந்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

கரும்பு போன்ற பயிர்களைச் சோதித்துப் பார்க்கப் போட்ட தோட்டம் இது. அந்தக் கரும்புத் தோட்ட வேலைக்காகத்தான் 1860இல் ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து நம்மவர்களை ஏற்றி வந்தது. ஆர்க்கிட் கூடத்துக்கு அரை மணி நேரம் போதும்.

ஜூன், ஜூலையில் போங்கள், மழை குறைவு. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை புழுக்கம் தாங்காது, காலையிலேயே சுற்றிவிடுங்கள்.