தென்னை மட்டையும் ரவுட்டர் யூபிஎஸ்ஸும்: இரண்டு மாத அனுபவம்

தென்காசியில் சாரல் காலம் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு அருவி ஞாபகம் வரும். எங்கள் தெருவுக்குத் தென்னை மட்டைதான். காற்றில் மட்டை கம்பிமேல் விழும், கரண்ட் போகும், பல நேரம் பத்து நொடியில் திரும்பியும் வந்துவிடும். ஃபேன் உடனே சுற்றும். ரவுட்டர் மட்டும் செத்துப் பிழைத்து எழுந்திருக்க இரண்டரை நிமிஷம் பிடிக்கும்.

நான் ஜவுளிக்கடையில் கல்லாவில் இருக்கிறேன். இரவு வீடு வந்து, சாப்பிட்டு, பாத்திரத்தைக் கவிழ்த்தபிறகு லிசெஸ் என்ற இணையச் செஸ் தளத்தில் பத்து நிமிஷ ஆட்டம் ஒன்றிரண்டு ஆடுவேன். இலவசம், விளம்பரத் தொல்லையும் கிடையாது. ஆனால் நடு ஆட்டத்தில் நெட் அறுந்தால் நம் கடிகாரம் நமக்காக நிற்காது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வெற்றியை எடுத்துக்கொள்ளும் வசதியை எதிராளிக்குக் கொடுத்துவிடுவார்கள். திரும்பத் திரும்ப இப்படி நடந்தால் சிறிது நேரம் புது ஆட்டமே தொடங்க முடியாது. அதில் தப்பில்லை. தோற்கப்போகிறோம் என்று ஓடுகிறவனையும் தென்னை மட்டையையும் அங்கிருந்து எப்படிப் பிரித்துப் பார்ப்பார்கள்? ஆனாலும் ஒரு குதிரை கூடுதலாக வைத்துக்கொண்டு 'ஓடிப்போனவள்' என்று பெயர் வாங்குவது வயிற்றெரிச்சல். மொபைல் டேட்டாவுக்கு மாறலாமே என்பீர்கள். எங்கள் வீட்டில் டவர் கிடைப்பது மாடிப்படியில், அதுவும் மூன்றாவது படியில்.

வைகாசி, ஆனி இரண்டு மாதமும் பாதியில் போன ஆட்டங்களைக் காலண்டர் அட்டையின் பின்பக்கம் குறித்துவைத்தேன். மொத்தம் 31. கரண்ட் 14, அத்தை 6, மகன் 5, போன் 3, பால் பொங்கியது 2, பல்லி 1. பட்டியலில் காசு கொடுத்துச் சரிசெய்யக்கூடியது முதல் ஆள் மட்டும்தான் என்பதால், ஆடித் தள்ளுபடியில் கரண்ட் போனாலும் பேட்டரியில் ரவுட்டரை ஓட்டும் இந்தச் சின்ன யூபிஎஸ்ஸை 1,450 ரூபாய்க்கு வாங்கினேன்.

கைக்கு அடக்கமான கறுப்புப் பெட்டி. ரவுட்டர் அடாப்டரின் முனையைப் பிடுங்கி இதில் சொருக வேண்டும், இதிலிருந்து ஒரு சின்ன வயர் ரவுட்டருக்கு. அவ்வளவுதான், எலக்ட்ரீஷியன் வேண்டாம். வாங்குமுன் அடாப்டரில் பொடி எழுத்தில் இருப்பதைப் படித்துக்கொள்ளுங்கள். என்னுடையது 12 வோல்ட், 1 ஆம்ப். வோல்ட் அதேதான் இருக்க வேண்டும். ஆம்ப் அதே அளவோ கூடுதலோ இருக்கலாம், குறையக் கூடாது.

பெட்டியில் '8000 எம்ஏஎச், 4 மணி நேரம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். கல்லாக்காரி கணக்குப் பார்க்காமல் விடுவேனா? அந்த 8000 உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்களின் கணக்கு. பெருக்கினால் 29.6 வாட்-அவர். 12 வோல்ட்டாக ஏற்றும்போது கொஞ்சம் வீணாகும். என் ரவுட்டர் ஒன்பது பத்து வாட் இழுக்கிறது என்று வைத்தால் இரண்டரை மணி நேரம். ஒரு நாள் மெயினை அணைத்துவிட்டு உட்கார்ந்து பார்த்தேன்: 2 மணி 40 நிமிஷம். எனக்கு இது தாராளம், நாலு என்று நம்பி வாங்குகிறவர் ஏமாறுவார்.

இன்னொரு குறை அந்த நீல விளக்கு. கூடத்தில் படுக்கும் அத்தை, "ஏட்டி, மூஞ்சில டார்ச் அடிச்ச மாதிரி இருக்கு, அணைச்சுத் தொலையேன்" என்றார். அணைக்கப் பட்டனே கிடையாது. ஒரு பெரிய ஸ்டிக்கர் பொட்டை எடுத்து விளக்குமேல் ஒட்டினேன். இப்போது மங்கலாக எரிகிறது, அத்தைக்கும் பிடித்துவிட்டது.

முக்கியமான விஷயம், இது எல்லா வீட்டிலும் வேலை செய்யாது. எங்களுக்கு நேரே ஃபைபர் வருகிறது. வழியில் கரண்ட் தேவைப்படும் பெட்டி எதுவும் இல்லை, அதனால் தெருவே இருட்டானாலும் நெட் நிற்பதில்லை. எங்கள் சின்னம்மா வீட்டுக்கு உள்ளூர் கேபிள்காரரின் இணைப்பு. கம்பத்தில் தொங்கும் சுவிட்ச் பெட்டி அணைந்துபோகும், நம் வீட்டு ரவுட்டர் எரிந்து என்ன பிரயோஜனம்? முதலில் உங்கள் ஆளிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

வாங்கிய நாளிலிருந்து கரண்டால் ஒரு ஆட்டம்கூட போகவில்லை. ஐந்துக்கு நாலு தருவேன்.

போன வெள்ளிக்கிழமை இரவு ஊரே இருட்டு. நான் ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில், கையில் நாற்பது நொடி, இன்னும் நாலைந்து நகர்த்தலில் சிப்பாய் ராணியாகிவிடும். கதவு தட்டும் சத்தம். பக்கத்து வீட்டு அக்கா, கையில் போனோடு.

"உங்க வீட்ல மட்டும் நெட்டு ஓடுதாமே, ஒம் மவன் சொன்னான். சீரியல் பாதில நிக்குதும்மா."

பாஸ்வேர்டில் எது பெரிய எழுத்து, எது சின்ன எழுத்து என்று சொல்லி முடிப்பதற்குள் என் நேரம் தீர்ந்துவிட்டது. காலண்டர் அட்டையில் புதிதாக ஒரு வரி எழுதினேன்: பக்கத்து வீட்டு அக்கா, 1.