பிரைட்டனா, சவுத்எண்டா, மார்கேட்டா? லண்டனிலிருந்து ஒரு நாள் கடற்கரைக்கு

லண்டனில் இரண்டு நாள் சேர்ந்தாற்போல் வெயில் அடித்தால் போதும், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யாராவது "பீச்சுக்குப் போவோமா?" என்று கேட்டுவிடுவார்கள். அடுத்த பதில் பெரும்பாலும் "பிரைட்டன்" என்றுதான் வரும். பெயர் தெரிந்த ஊர், விக்டோரியாவிலிருந்து ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம், குரொய்டன் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னும் கிட்ட. ஆனால் கூட வருவது நான்கு வயதுப் பிள்ளையும் ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மம்மாவும் என்றால், பிரைட்டனை முதல் தேர்வாக நான் சொல்ல மாட்டேன். அங்கே மணல் இல்லை.

கரை முழுக்கக் கூழாங்கல்தான். தண்ணீர் நன்றாக வற்றும்போது கீழே கொஞ்சம் மணல் தெரியும், அவ்வளவே. வெறுங்காலில் நடந்தால் பாதம் நோகும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அந்தக் கல் சரிவில் இறங்கி ஏறுவது பெரும்பாடு. கரையோரமே சட்டென்று ஆழமாகிவிடுவதால், அலை கல்லை இழுத்துக்கொண்டு திரும்பும்போது சின்னப் பிள்ளைகளுக்குக் கால் நிற்காது. வாளியும் மண்வாரியும் தூக்கிக்கொண்டு வந்த குழந்தை கல்லெறிந்து விளையாடும். கொஞ்ச நேரத்தில் அதுவும் அலுத்துவிடும்.

பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளோடு போகிறீர்களா? அப்போது கதை வேறு. 1899இல் திறந்த பேலஸ் பியர் என்ற கடற்பாலம் கடலுக்குள் அரைக் கிலோமீட்டர் நீள்கிறது. முனையில் ராட்டினங்கள் இருக்கின்றன. 1883இல் ஓடத் தொடங்கிய வோக்ஸ் மின்சார ரயில்தான் இன்றும் ஓடுகிற மின்சார ரயில்களில் உலகிலேயே பழையது. ராயல் பவிலியன் என்ற அரண்மனையைப் பார்க்காமல் திரும்பக் கூடாது. முதல் உலகப்போரில் காயமடைந்த இந்தியச் சிப்பாய்களுக்கு 1914 கடைசியிலிருந்து அது மருத்துவமனையாக இருந்தது. இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் தனித்தனிச் சமையலறை, தனித்தனித் தண்ணீர்க் குழாய் என்று பார்த்துப் பார்த்துச் செய்தார்கள். இறந்த இந்து, சீக்கிய வீரர்களை ஊருக்கு வெளியே குன்றின் மேல் தகனம் செய்தார்கள்; அந்த இடத்தில் 1921இல் எழுப்பிய சத்ரி நினைவிடம் இன்றும் நிற்கிறது. பெரிய பிள்ளைகளுக்கு இதைக் காட்டிச் சொல்வதற்காகவே பிரைட்டனுக்கு ஒரு தடவை போகலாம். கடலில் விளையாடப் போகும் நாளோடு இதைச் சேர்க்காதீர்கள், இரண்டும் அரைகுறையாகிவிடும்.

சவுத்எண்ட், கிழக்கு லண்டன்காரர்களின் கடற்கரை. ஈஸ்ட்ஹாமில் இருப்பவர்கள் ஒரே ஒரு நிறுத்தம் தள்ளி பார்க்கிங்கில் இறங்கி சி2சி ரயிலுக்கு மாறினால் ஒரு மணி நேரத்துக்குள் சவுத்எண்ட் சென்ட்ரல். இங்கே எல்லாவற்றையும் தீர்மானிப்பது கடலின் ஏற்றவற்றம். தேம்ஸ் ஆறு கடலோடு கலக்கும் முகத்துவாரம் என்பதால் வற்றும் நேரத்தில் தண்ணீர் ஏறக்குறைய ஒரு மைல் பின்வாங்கிவிடும். கண்ணுக்கெட்டிய தூரம் சேறு. நேரம் பார்க்காமல் போன குடும்பங்கள் "கடல் எங்கே?" என்று கேட்டுக்கொண்டு நிற்பதைப் பார்க்கப் பாவமாக இருக்கும். அந்தச் சேற்றில் வெகுதூரம் நடந்து போகவும் கூடாது. தண்ணீர் திரும்பி வரும் வேகம் பலருக்குத் தெரிவதில்லை.

அதே காரணத்தால்தான் சவுத்எண்டில் ஒரு நீண்ட கடற்பாலம் வந்தது. படகுகள் கரையை நெருங்க முடியாததால் 1830இல் மரத்தில் தொடங்கியதை நீட்டிக்கொண்டே போனார்கள். இப்போது அது 2 கிலோமீட்டருக்கு மேல். கேளிக்கைக்கான கடற்பாலங்களில் உலகிலேயே நீளமானது. மேலே சின்ன ரயில் ஓடுகிறது. நடக்க முடியாத பெரியவர்களை அதில் ஏற்றி நடுக்கடல் வரை கூட்டிப்போய், பெஞ்சில் உட்காரவைத்து, பிளாஸ்கில் கொண்டுபோன தேத்தண்ணீரைக் கொடுக்கலாம். பெற்றோரைக் கூட்டிப்போவதற்கு மூன்று ஊரிலும் இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. கரையோரத்தில் இருக்கும் அட்வென்ச்சர் ஐலண்ட் கேளிக்கைப் பூங்காவில் உள்ளே நுழையக் கட்டணம் இல்லை, ஏறும் ராட்டினத்துக்கு மட்டும் காசு. வெளியே நின்று பார்க்கும் தாத்தா பாட்டிக்கும் சேர்த்து டிக்கெட் எடுக்க வேண்டாம் என்பது பெரிய குடும்பத்துக்கு நல்ல மிச்சம்.

சரி, சின்னப் பிள்ளைகளோடு கடலுக்கென்றே போகிற நாளுக்கு? என் பதில் மார்கேட். செயின்ட் பாங்கிராஸிலிருந்து அதிவேக ரயிலில் சுமார் ஒன்றரை மணி நேரம். டிக்கெட் விலை மற்ற இரண்டையும்விடக் கூடுதல். ஆனால் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் கடல் கண்முன்னால் இருக்கும். தள்ளுவண்டியோடு இரண்டு மூன்று நிமிட நடை. பொன்னிற மணல், மெதுவாகச் சரியும் கரை. தண்ணீர் வற்றினாலும் கெட்டியான ஈர மணல் விரிந்து கிடக்கும், கோட்டை கட்ட அதைவிட நல்ல மணல் கிடைக்காது. சவுத்எண்டில் வற்றுநேரம் நாளையே கெடுத்துவிடும். இங்கே அது இன்னொரு விளையாட்டுத் திடலைத் திறந்துவிடுகிறது. நான் மார்கேட் பக்கம் சாய்வதற்கு முக்கியமான காரணம் இதுதான்.

மழை வந்தால் ஒதுங்க டர்னர் கன்டெம்பரரி கலைக்கூடம் கடலோரத்திலேயே இருக்கிறது. 2011இல் திறந்தது, அனுமதி இலவசம். ஓவியர் டர்னர் மார்கேட்டுக்கு வந்தால் தங்கிய விடுதி இருந்த இடத்தில்தான் அதைக் கட்டியிருக்கிறார்கள். கொஞ்சம் உள்ளே நடந்தால் ஷெல் குரோட்டோ என்ற நிலத்தடிக் குகை. 1835இல் கண்டுபிடித்தார்கள். சுவர் முழுக்க 46 லட்சம் சிப்பிகள். யார், எதற்காகப் பதித்தார்கள் என்று இன்றுவரை எவருக்கும் தெரியாது. பிள்ளைகள் வாய் பிளந்து பார்க்கும் இடம். ட்ரீம்லேண்ட் கேளிக்கைப் பூங்காவை நம்பிப் போகிறவர்கள், அன்று எந்த ராட்டினம் ஓடுகிறது என்று முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

மார்கேட்டில் கூட்டம் அதிகம் என்றால் அடுத்த நிறுத்தமான பிராட்ஸ்டேர்ஸில் இறங்கலாம். பிறைநிலா வடிவத்தில் சின்ன விரிகுடா, காற்று குறைவு, ஒரே பார்வையில் எல்லாப் பிள்ளைகளும் தெரிவார்கள். 1932 முதல் இருக்கும் மொரெல்லிஸ் ஐஸ்கிரீம் கடையும் கரைக்கு மேலேயே இருக்கிறது.

செலவைப் பற்றி ஒன்று. ஃபேமிலி அண்ட் ஃபிரெண்ட்ஸ் ரெயில்கார்டு எடுத்தால் பெரியவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கும், 5 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்கு 60 சதவீதமும் தள்ளுபடி. ஐந்துக்குக் கீழே இலவசம். வார நாள் காலை நெரிசல் நேரத்தில் மட்டும் செல்லாது. மார்கேட்டின் கூடுதல் விலையை இது பெருமளவு ஈடுகட்டிவிடும். சாப்பாட்டுக்கு ஒரு பெட்டி ஃபிஷ் அண்ட் சிப்ஸை எல்லோரும் பகிர்ந்துகொண்டு, வயிறு நிறைய வீட்டுப் புளிச்சோற்றைச் சாப்பிடுவதுதான் என் வழி. எதுவானாலும் மூடி வைத்துச் சாப்பிடுங்கள், கடற்காகங்கள் கையிலிருந்தே பறிக்கும். கனமழைக்கு அடுத்த நாள் என்றால் கழிவுநீர் கலந்திருக்கலாம். மே நடுவிலிருந்து செப்டம்பர் கடைசி வரை சுற்றுச்சூழல் முகமையின் இணையதளத்தில் ஒவ்வொரு கடற்கரையின் நீர்த்தரமும் கிடைக்கும்.

கார் வைத்திருப்பவர்கள் நான்காவதாக ஓர் ஊரைச் சொல்வார்கள்: கேம்பர் சாண்ட்ஸ். மணல்மேடுகள், மைல் கணக்கில் தட்டையான கரை, அழகில் மற்ற மூன்றையும் மிஞ்சும். ஆனால் 2016 ஆகஸ்ட்டில் லண்டனைச் சேர்ந்த இலங்கைத் தமிழ் இளைஞர்கள் ஐந்து பேர் ஒரே நாளில் அங்கே மூழ்கி இறந்தார்கள். அன்று கரையில் உயிர்காப்பாளர்கள் இல்லை. அதற்குப் பிறகுதான் நியமித்தார்கள். அந்தக் கரையின் தட்டைத்தன்மையே ஆபத்து. வெகுதூரம் நடந்து மணல்திட்டில் நிற்கும்போது, பின்னால் இருக்கும் பள்ளங்களில் தண்ணீர் ஏறிவிடும். திரும்பும் வழி ஆழமாகிவிடும். அங்கே போவதென்றால் உயிர்காப்பாளர் பணியில் இருக்கும் நேரத்தில், ஏற்றவற்ற அட்டவணையைப் பார்த்துவிட்டு மட்டும் போங்கள்.

எந்தக் கரையானாலும் சிவப்பும் மஞ்சளும் கலந்த இரண்டு கொடிகளுக்கு நடுவில்தான் குளிக்க வேண்டும். காற்றடைத்த மிதவைகளை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். ஆகஸ்ட்டிலும் தண்ணீர் 17, 18 டிகிரிதான். திடீரென்று இறங்கினால் மூச்சு திணறும். தத்தளிக்க நேர்ந்தால் கையைக் காலை அடித்துப் போராடாமல், காது நனையும் அளவுக்குத் தலையைப் பின்னால் சாய்த்து மல்லாந்து மிதந்து, மூச்சு சீரானதும் கத்திக் கூப்பிட வேண்டும். இதைப் பிள்ளைகளுக்கு நீச்சல் குளத்திலேயே பழக்கிவிடுங்கள். கரையில் நிற்பவர்கள் தாங்களும் குதிக்காமல் 999ஐ அழைத்து "கோஸ்ட்கார்ட்" என்று கேட்க வேண்டும்.