மறைத்துக் கொடுப்பதா, கண்முன் வைப்பதா?

காய் சாப்பிட மறுக்கும் பிள்ளைக்கு, காயை அரைத்து மாவில் கலந்துவிட்டால் அன்றைக்குச் சத்து உள்ளே போய்விடும். கேரட் என்றால், ஒரு கப் மாவுக்கு இரண்டு மேசைக்கரண்டி விழுது போதும். கூடினால் நிறமும் வாசனையும் காட்டிக்கொடுக்கும். கண்டுபிடித்துவிட்டால் பிடித்த உணவையும் பிள்ளை ஒதுக்கும். கேரட்டின் ருசியும் பழகாது.

கண்முன் வைப்பது மெதுவான வழி, ஆனால் நிலைப்பது அதுதான். விரல் நீளத்துக்கு நறுக்கி, இரு விரலால் அழுத்தினால் நசுங்கும்வரை ஆவியில் வேகவிடுங்கள்; பச்சைக் கேரட் வட்டம் சிறு பிள்ளைக்குத் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். நல்ல பசி நேரத்தில், பழகிய உணவுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு துண்டு. முகர்ந்தாலும், நக்கினாலும், துப்பினாலும்கூட அது பழகுவதுதான். பிள்ளை ஏற்றுக்கொள்ள 10, 15 தடவை வைக்க வேண்டியிருக்கலாம்; பலர் நாலைந்தோடு விட்டுவிடுகிறார்கள். இனிப்பைப் பரிசாகக் காட்டாதீர்கள், காய் தண்டனையாகிவிடும்.