டிரெட்மில் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு: மோட்டார் வாரன்டியை நம்பிப் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்

"மூணு எச்.பி. சார், வீட்ல எல்லாரும் ஓடலாம். மோட்டாருக்கு லைஃப்டைம் வாரன்டி. மெயின்டெனன்ஸே கிடையாது." டிரெட்மில்லை எனக்கு விற்றவர் சொன்னது இது. இதில் எதுவும் முழு உண்மை இல்லை என்பது வாரன்டி கேட்கும்போதுதான் வெளியே வந்தது.

முதல் வருடம் முடிந்த கொஞ்ச நாளில் பெல்ட் திணற ஆரம்பித்தது. கால் வைத்தால் ஒரு நொடி நிற்கும், பிறகு வெடுக்கென்று இழுக்கும். பின்பக்கம் சுவர் இருந்திருந்தால் இடித்துக்கொண்டு விழுந்திருப்போம். (டிரெட்மில்லுக்குப் பின்னால் இரண்டு மீட்டராவது காலியாக விடுங்கள். சட்டையில் மாட்டும் பாதுகாப்புக் கயிற்றை அலங்காரம் என்று நினைக்காதீர்கள்.) பிறகு ஒருநாள் கருகிய வாசனை வந்து மெஷின் நின்றேவிட்டது.

பலமுறை போன் செய்த பிறகு வந்த டெக்னீஷியன் முன்மூடியைக் கழற்றினார். மோட்டாருக்கு ஒன்றுமில்லையாம், எரிந்தது மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் போர்டு. லைஃப்டைம் வாரன்டி மோட்டாருக்கு மட்டும். போர்டுக்கு ஒரு வருடம்தான், அது முடிந்துவிட்டது. வந்து பார்த்ததற்கும் தனிக் கட்டணம். எளிதில் கெடாத பாகத்துக்கு ஆயுள் முழுக்க வாரன்டி கொடுப்பதில் கம்பெனிக்கு என்ன நஷ்டம்?

அடுத்து பெல்ட்டுக்கு அடியில் விரலை விட்டுப் பார்த்து, "ஆயிலே போடலையே" என்றார். பெல்ட்டுக்கும் பலகைக்கும் நடுவே அவ்வப்போது சிலிக்கோன் ஆயில் விட வேண்டுமாம். அது காய்ந்துபோனால் உராய்வு கூடும், மோட்டார் அதிகக் கரன்ட் இழுக்கும், அந்தச் சூடு போர்டின் தலையில் விடியும். ரிப்போர்ட்டில் "பராமரிப்புக் குறைபாடு" என்று எழுதிவிட்டுப் போனார். மெயின்டெனன்ஸே கிடையாது என்று விற்றவர் சொன்னதற்குக் காகிதத்தில் எந்த அத்தாட்சியும் இல்லை.

மூடி திறந்திருந்தபோது மோட்டார் மேல் ஒட்டியிருந்த தகட்டைப் படித்தேன். 930 வாட். ஒரு குதிரைத்திறன், அதாவது ஒரு எச்.பி. என்பது 746 வாட். கணக்குப் போட்டால் ஒன்றேகால் எச்.பி.தான் வருகிறது. பெட்டியில் போட்டிருந்த 3, பீக் கணக்கு: மோட்டார் சில நொடிகள் மட்டும் முக்கி எட்டக்கூடிய உச்சம். மணிக்கணக்கில் ஓடும்போது தாங்குவது கன்டினியூவஸ் எச்.பி. எனக்குக் கோபம் வந்தது அடுத்து நடந்ததில். புகார் எழுதினால், மோட்டாரின் திறனுக்கு மேல் பயன்படுத்தியிருக்கிறீர்கள் என்று பதில் வருகிறது! விற்கும்போது 3, வாரன்டி கேட்டால் ஒன்றேகால். தொடர்ந்து அரை மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது என்று கையேட்டின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பதையும் அவர்களே சுட்டிக்காட்டினார்கள். வீட்டில் எல்லாரும் அடுத்தடுத்து ஏறினால் அரை மணி நேரத்தில் எப்படி முடியும்? கடைசியில், புது மாடல் எடுத்தால் தள்ளுபடி தருகிறோம் என்றார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

"நடக்க மட்டும்தானே, சின்ன மோட்டாரே போதும்" என்றும் சொல்வார்கள். உடல் எடை அதிகமுள்ளவர்கள் இதை நம்ப வேண்டாம். மெதுவாக நடக்கும்போது ஒவ்வொரு அடியும் பெல்ட்டைப் பிடித்து நிறுத்தப் பார்க்கும். மோட்டாரும் மெதுவாகச் சுற்றுவதால் அதன் விசிறியிலிருந்து காற்று குறைவு, சூடு ஏறும். அனுமதிக்கப்பட்ட எடை என்று போட்டிருப்பதற்கும் உங்கள் எடைக்கும் நடுவே இருபது கிலோவாவது இடைவெளி இருக்கட்டும். பெல்ட்டின் அளவையும் டேப் வைத்து அளந்து பாருங்கள். நடக்க 120 சென்டிமீட்டர் நீளம், 40 சென்டிமீட்டர் அகலம் போதும். ஓடுவதென்றால், அதுவும் உயரமானவர்களுக்கு, 140க்கு 50 இல்லாமல் சரிப்படாது.

இதயத்துக்கு நல்லது என்பதற்காக மட்டும் வாங்குகிறீர்கள் என்றால், காந்தத்தால் பெடலுக்கு இறுக்கம் கொடுக்கும் உடற்பயிற்சி சைக்கிளைத்தான் நான் சொல்வேன். பெடலைச் சுற்ற மோட்டார் கிடையாது, பெல்ட்டுக்கு ஆயில் விடும் வேலை இல்லை, முட்டிக்கும் அடி குறைவு.

டிரெட்மில்தான் வேண்டும் என்றால் கன்டினியூவஸ் எச்.பி. எவ்வளவு, மோட்டார், போர்டு, பெல்ட், சர்வீஸ் கூலி ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக எத்தனை மாத வாரன்டி என்பதை பில்லிலேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். எழுதித் தர மறுக்கும் இடத்தில் வாங்காதீர்கள்.